ஒரு முடி சிறிய வளையம்

சலூன்காரர் ஒருவர் வாயாடியாக இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நம் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, கையில் கத்தியும் வைத்திருக்கிறவர் பேசினால் யார் எழுந்து போக முடியும்? ஆனால் இந்தச் சலூன்காரரிடம் நீங்கள் விலைவாசியில் ஆரம்பித்தாலும் சரி, மழையில் ஆரம்பித்தாலும் சரி, கிருதாவுக்கு வருவதற்குள் பேச்சு அவருடைய மனைவியிடம் போய் நின்றிருக்கும். "நேத்து அவ என்ன பண்ணா தெரியுமா?" என்று கத்தரிக்கோலைக் காற்றில் நிறுத்துவார். அவ்வளவுதான், உங்கள் பாதித் தலை அப்படியே காத்திருக்க வேண்டியதுதான். பெண்டாட்டி புராணம் பாடுகிறார் என்று தெருவே கேலி பண்ணியது. பண்ணட்டுமே. அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

அந்த அம்மாவுக்குத் தெருவில் பட்டறைக்காரி என்று பெயர். பகலெல்லாம் தண்ணீர் பம்புகளைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, டீ குடித்த தம்ளரைக் கவிழ்த்ததும் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குள் போய்விடுவாள். உள்ளே ஒரு பழைய கதவு மேஜையாகக் கிடக்கும். அதன் ஓரத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ். பக்கத்தில், செத்துப்போன துணி துவைக்கும் மிஷினின் மோட்டாரைப் பிடுங்கி மாட்டிய சாணைக்கல். சுவரில் அரங்கள் பெரிசிலிருந்து சிறிசாக வரிசை கட்டித் தொங்கும். பவுடர் டப்பாக்கள் முழுக்கத் திருகாணிகள். அந்த வீட்டில் ஒரு பழைய ஆணியைக்கூடத் தூக்கிப் போட முடியாது. "அது இருக்கட்டும், உதவும்" என்று உள்ளிருந்து குரல் வரும்.

கம்பெனியில் அவளை முதலில் சேர்த்தது இரும்புத் துருவல் கூட்டுவதற்குத்தான். மூலையில் மலையாகக் கலந்து கிடந்த கழிவு இரும்பை வகை வகையாகப் பிரித்துப் போடு என்றார்கள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே துரு. அவள் ஒவ்வொன்றையும் சாணைக்கல்லில் ஒரு தொடு தொட்டுப் பார்த்தாள். சாதாரணக் கம்பி என்றால் பொறி நீளமாக மஞ்சள் கோடு போட்டுப் பறக்கும். கெட்டி எஃகு என்றால் நுனியில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெடிக்கும். அச்சில் உருக்கி ஊற்றின வார்ப்பிரும்போ செம்மண் நிறத்தில் சோம்பலாக இரண்டடி பறந்து விழுந்துவிடும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சலூன்காரருக்கு இதைச் செய்து காட்டினாள். பார்க்க ஒன்றுபோல இருந்த மூன்று துண்டுகளைத் தொட்டாள், மூன்றும் மூன்று விதமாகப் பொறி விட்டன. "இரும்பே தன் பேரைச் சொல்லுது பாருங்க" என்றாள். சலூன்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். அன்றைக்குத் திறந்த வாய்தான், இன்னும் மூடவில்லை என்று தெருவில் சொல்வார்கள்.

அக்கம்பக்கத்தில் எது மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற முடியாமல் இரண்டு தடியர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள் ஒரு தரம். இவள் போய், கழற்றாமல் முதலில் இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். "என்னம்மா, உள்ளதும் போச்சா?" என்றான் ஒருவன். உள்ளே துரு உடைந்து க்ரிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு திருப்பினாள், வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. பூட்டுக்குள் சாவி உடைந்துபோனால், ரம்பப் பிளேடின் பல் நுனியை உள்ளே விட்டு முள்ளை எடுக்கிற மாதிரி எடுத்துவிடுவாள். வேலை முடிந்தால் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டாள். பேச்செல்லாம் புருஷனிடம் போய்விட்டதால் இவளுக்கு மிச்சம் இல்லை போலிருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அந்த நாற்காலி உடைந்தது.

சலூன் நாற்காலிதான். கால் மிதியை அமுக்க அமுக்க உயரும் பழைய காலத்து இரும்பு நாற்காலி. கடையில் வேறு எது போனாலும் சலூன்காரர் சமாளித்துவிடுவார். ஆனால் அவருக்கு முதுகு போய் வருஷக்கணக்காகிறது. குனிந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டும். இனிமேல் குனிந்து வேலை செய்தால் ஒரு நாள் குனிந்தபடியே நின்றுவிடுவீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நாற்காலி மட்டும்தான், உட்கார்ந்தவரின் தலையைச் சலூன்காரருடைய நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவரும். அவர் நிமிர்ந்து நின்றபடி வெட்டலாம். புது நாற்காலிகளையும் போய்ப் பார்க்காமல் இல்லை. பளபளவென்று இருந்தன, பம்பரம் மாதிரி சுழன்றன, ஆனால் ஒன்றும் அந்த உயரத்துக்கு வரவில்லை. அந்த நாற்காலி இருந்தால் அவர் சலூன்காரர். இல்லையென்றால் இல்லை.

உடைத்த புண்ணியவான் ஒரு லாரி டிரைவர். ஆள் நல்ல மனிதர்தான், உடம்புதான் இரண்டு பேருக்கு உள்ளது. ஷேவிங்குக்காகப் பின்னால் சாய்ந்தார். அடியில் டங்கென்று ஒரு சத்தம். இருக்கையையும் தூணையும் இணைக்கும் கழுத்து, கிண்ணம் மாதிரி கனமான வார்ப்பிரும்புத் துண்டு, வாயிலிருந்து அடிவரை பிளந்துபோயிருந்தது. டிரைவர் பாதி நுரையோடு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். சலூன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செய்தி போன வேகத்தில் மச்சான் வந்துவிட்டார். மச்சான் என்றால் பட்டறைக்காரியின் அண்ணன், மரச்சாமான் கடை வைத்திருப்பவர். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறைய மோதிரம். "மாப்பிள்ளை, எதுக்கு இந்தக் கஷ்டம்? நம்ம கடைக்கு வந்துருங்க. கல்லாவுல ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. வர்றவங்களுக்கு வணக்கம் சொன்னாப் போதும்" என்றார்.

"யோசிக்கிறேன் மச்சான்."

"யோசிக்க என்ன இருக்கு? கல்லாவுல உங்களுக்கு நாற்காலியே போட்டாச்சு."

அவர் போனபிறகு சலூன்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அண்ணன் நல்லதுதானே சொல்கிறார் என்பாள் என்று நினைத்தார். அவள் உடைந்த அந்த இரும்புக் கழுத்தை மடியில் வைத்து வெடிப்பின் மேல் நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க போய் உக்காந்தீங்கன்னா, ரெண்டே மாசத்துல நீங்க ஊமையாயிடுவீங்க" என்றாள். "தலையில கை வைக்காம உங்களுக்குப் பேச வராது. எனக்குத் தெரியாதா?"

தன்னுடைய வாயைத் தெருவே சகித்துக்கொள்கிறது என்றுதான் சலூன்காரர் நினைத்திருந்தார். அதை ஒருத்தி காப்பாற்ற நினைப்பாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

வார்ப்பிரும்பு ரொம்ப ரோஷக்காரச் சாமான். எஃகு வளையும், நெளியும், அடித்தால் வாங்கிக்கொள்ளும். வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்திருந்தாலே போதும், படீரென்று விட்டுவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கரியடுப்பை மூட்டி, அந்தத் துண்டை அதில் வைத்து மெதுவாக, ஒரு குழந்தைக்கு வெந்நீர் காய்ச்சுகிற பொறுமையோடு சூடேற்றினாள். முழுத் துண்டும் ஒரே சீராகக் கனன்றபிறகு, கேஸ் ஜுவாலையைப் பிடித்து, பித்தளைக் கம்பியை உருக்கி வெடிப்புக்குள் ஓடவிட்டாள். பித்தளை தண்ணீராகி, தங்க நிறத்தில் அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் தானே நுழைந்து ஓடியதைப் பார்த்துச் சலூன்காரர் மூச்சு விடவும் மறந்துபோனார். பிறகு ஒரு பீப்பாய் நிறையச் சூடான சாம்பலில் அதைக் குழிதோண்டிப் புதைத்து, மேலே தகரத்தை மூடினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் இதைத் தொடாதீங்க. மெதுவா ஆறணும். அவசரப்பட்டா அவ்வளவுதான்."

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?"

நியாயமான கேள்வி. அவர் எதற்குத் தொடப்போகிறார்?

மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போனபிறகு, சும்மா இருக்கும் கைக்கு ஏதாவது வேலை கொடுப்போம் என்று கடைத் துண்டுகளை எல்லாம் துவைத்துப் பின்பக்கம் காயப்போட்டார். சலூன்காரருக்குத் துண்டு என்றால் உயிர். பாலில் நனைத்த மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும். கொடி முழுக்க வெள்ளையாக ஆடியதைப் பார்த்துக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்போது காற்று வந்தது. பீப்பாயின் தகரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. சாம்பல் புஸ்ஸென்று கிளம்பி வெள்ளைத் துண்டுகளின் மேல் கறுப்புக் கறுப்பாக உட்கார்ந்தது. அவர் தகரத்தைத் தள்ளி மூடினார், அது மறுபடி தூக்கியது. கடையில் தலைக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துவந்து சாம்பல் மேல் தெளித்தார். தூசி கொஞ்சம் அடங்கியது. அடடே, இதுதான் வழி. தெளிப்பதை ஏன் அரைகுறையாகத் தெளிக்க வேண்டும்? பக்கத்தில் வாளி இருந்தது. ஒரு சொம்பு ஊற்றினார். இன்னொரு சொம்பு ஊற்றினார். மூன்றாவதுக்குச் சாம்பலுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. அதற்குள்ளே எங்கேயோ, கண்ணாடித் தம்ளரை வைத்த மாதிரி, டிக்.

துண்டைத் தவிர வேறு நினைப்பில்லாத ஒரு சலூன்காரரால்தான் இப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடியும். கொஞ்சநேரம் அவருக்கு என்ன நடந்தது என்றே உறைக்கவில்லை. உறைத்தபிறகு அந்தப் பீப்பாய்க்கு முன்னால் ஈரச் சொம்போடு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. மனைவி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து போய், அவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

அவள் நேராகப் பின்பக்கம் போய் சாம்பலைக் கிளறி அதை வெளியே எடுத்தாள். நேற்றுப் போட்ட பித்தளைக் கோடு அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் கனமான இடத்தில் புதிதாக இன்னொரு வெடிப்பு. அவள் சுத்தியலின் பிடியால் அதைத் தட்டினாள். மணி மாதிரி ஒலிக்க வேண்டியது, ஓட்டைப் பானை மாதிரி தட் என்றது.

"துண்டு வெள்ளையா இருக்கா?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் கத்தவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சோறு போட்டாள், கதவைச் சாத்தினாள், வேலைக்குப் போனாள். சலூன்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்து முடிவெட்டிப் பார்த்தார். இரண்டு தலை வெட்டியதும் கண்ணில் பூச்சி பறந்தது. கடை ஷட்டரை இழுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வரும் வழியில் மச்சானுக்குப் போன் பண்ணிவிடலாமா என்றுகூட நினைத்தார். நினைக்கும்போதே வாய் கசந்தது.

வீட்டில் அவள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள். உடைந்த துண்டு வைஸில் இருந்தது.

"இங்க வாங்க" என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை. "சாக்பீஸ் தூள் இந்தாங்க. நான் சொல்லும்போது ஊதுங்க."

துண்டு முழுக்க மண்ணெண்ணெயைத் தடவியிருந்தாள். இப்போது அதைத் துணியால் துடைத்தாள். துடைத்து முடித்ததும் இரும்பு சுத்தமாக, ஒரு குறையும் இல்லாததுபோல இருந்தது. "ஊதுங்க." ஊதினார். வெள்ளைத் தூள் எங்கும் படிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வெள்ளையின் மேல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தானாக எழுந்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாத பென்சிலால் வரைகிற மாதிரி மெதுவாக நீண்டது, வளைந்தது, கண்ணுக்கே தெரியாத ஓர் இடத்தில் போய் நின்றது. வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிகிறது, வேறொன்றும் இல்லை. ஆனால் சலூன்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடவுளே, இது இவ்வளவு தூரம் போயிருக்கிறதா? இது தெரியாமல் ஒரு மனிதரை நான் இதன்மேல் உட்காரவைத்திருப்பேனே?

"இனிமே இது நெருப்புத் தாங்காது" என்றாள். "தைக்கணும்."

"தைக்கிறதா? இரும்பையா?"

"துணியை மட்டும்தான் தைக்கணும்னு சட்டமா என்ன?"

முதலில் வெடிப்பு முடிகிற நுனியில் ஒரு சின்னத் துளை போட்டாள். வெடிப்பு என்பது கூர்மையான நுனி இருக்கும்வரைதான் ஓடுமாம். வட்டத் துளைக்குள் வந்து விழுந்துவிட்டால் அதற்கு மேலே போக வழி தெரியாமல் நின்றுவிடுமாம். பிறகு வெடிப்பின் மேலேயே இன்னொரு துளை போட்டாள். அதற்குள் திருகாணி ஏறுவதற்கான மரை வெட்டி, இரும்புத் திருகாணியை இறுக்கி, தலையை அறுத்தெறிந்தாள். அடுத்த துளையை அந்தத் திருகாணியின் ஓரத்தைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு போகிற மாதிரி போட்டாள். அதிலும் ஒரு திருகாணி. அதைக் கடித்துக்கொண்டு இன்னொன்று. ஒன்று கழன்று வர நினைத்தால் பக்கத்திலிருப்பது விடாது. கூட்டுக்குடும்பம் மாதிரி ஒருத்தரையொருத்தர் பிடித்துக்கொண்டு நின்றன. சாயங்காலம் சாயங்காலமாகத் தையல் வளர்ந்தது. கடைசியில் சுத்தியலால் பொட்டுப் பொட்டாகத் தட்டி, அரத்தைப் போட்டு ராவினாள். அவர் விரலால் தடவிப் பார்த்தார். வெடிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

"போதுமா?" என்று கேட்டார்.

"பம்புன்னா போதும். இதுல மனுஷன் உக்காரணும். கழுத்துக்கு ஒரு வளையம் வேணும்."

கம்பெனியின் கழிவுக் குவியலிலிருந்து கனமான எஃகு வளையம் ஒன்று கொண்டுவந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிப் போட அது கொஞ்சம் சின்னது. உள்பக்கத்தை அரைவட்ட அரத்தால் ராவி ராவிப் பெரிசாக்கிக்கொண்டே வந்தவள், ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஒரு முடி வேணும்."

"என்ன முடி?"

"நல்ல தடிச்ச முடியா ஒண்ணு. வளையம் கழுத்தைவிட ஒரு முடி அளவு சின்னதா இருக்கணும். அதுக்கு மேல போனா ஏறாது. குறைஞ்சா பிடிக்காது. அளந்து பார்க்க என்கிட்ட வேற எதுவும் இல்ல."

சலூன்காரருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தக் கொட்டகைக்குள் ஒரு மரியாதை கிடைத்தது. தலைமுடி உதவாது, அது மெலிசு என்று அவருக்குத் தெரியும். தாடிமுடிதான் தடிமன். அதிலும் தினமும் சவரம் செய்துகொள்கிற கிழவர்களின் முடி ரொம்பக் குட்டையாக இருக்கும், பிடிக்க முடியாது. ஒரு மாசமாகத் தாடி வளர்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தபால்காரரைத் தேடிப் போய், மோவாயிலிருந்து நாலைந்து முடியைக் கேட்டு வாங்கிவந்தார். "எதுக்கு?" என்றார் தபால்காரர். "இரும்பு அளக்க" என்றார் இவர். தபால்காரர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, அந்த வீட்டைப் பற்றி அவருக்கும் தெரியும்.

முடிகளை ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்து, முனை முதல் அடி வரை ஒரே தடிமனாக உள்ள ஒன்றை அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அவள் அதை, இரண்டு கால் விரியும் அளவுக் கவராயத்தின் ஒரு காலில் ஒட்டி, முடியும் சேர்ந்து கழுத்தின் குறுக்களவு வரும்படி விரித்து, முடியை எடுத்துவிட்டு, வளையத்துக்குள் விட்டு, ஆட்டிப் பார்த்தாள். ராவினாள். மறுபடி பார்த்தாள். மறுபடி ராவினாள். கவராயத்தின் கால் உள்ளே உரசிக்கொண்டு நகர்ந்ததும் அரத்தைக் கீழே வைத்தாள்.

"இப்ப பாருங்க" என்று வளையத்தைக் கழுத்தின் மேல் வைத்தாள். ஏறவில்லை. அமுக்கினார், ஏறவில்லை. சுத்தியலால் அடித்தாலும் ஏறாது என்றாள்.

வளையத்தை மட்டும் உப்புத்தாளில் தேய்த்துக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கி, அடுப்பின் மேல் வைத்தாள். கழுத்தைத் தள்ளி, நிழலில், ஒரு மரக்கட்டையின் மேல் நிறுத்திவைத்தாள். கொஞ்சநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வளையத்தின் ஓரத்தில் வெளிர் மஞ்சள் படர்ந்தது. மஞ்சள் பழுப்பானது. பழுப்புக்குள் ஊதா வந்தது. ஒரு நிறத்தை இன்னொரு நிறம் துரத்திக்கொண்டு வளையம் முழுக்க ஓடியது. யாரும் சாயம் பூசவில்லை, ஒன்றையும் தொடவில்லை, இரும்பு தானே நிறம் மாறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக இந்தப் பெண்ணோடு குடித்தனம் பண்ணியும் இதைப் பார்த்ததில்லையே என்று சலூன்காரர் நினைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, புகை என்று சொல்லிக்கொள்ள அங்கே புகையும் இல்லை.

மயில்கழுத்து நீலம் வந்ததும், "இப்போ" என்றாள். இடுக்கியால் தூக்கிக் கழுத்தின் மேல் கொண்டுபோய் விட்டாள். சற்றுமுன் மல்லுக்கு நின்ற வளையம் இப்போது வழுக்கிக்கொண்டு, பழைய செருப்புக்குள் கால் நுழைகிற மாதிரி, அடிவரை போய் உட்கார்ந்தது. அவள் மூச்சு விட்டாள். உள்ளே மெல்லிய நெரிசல் சத்தம் ஒன்று கேட்டது. வளையம் குளிர்ந்து கழுத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"தானா ஆறட்டும்" என்றாள். அவரைப் பார்க்கவில்லை.

அவர் கொடியில் கிடந்த துண்டுகளை எல்லாம் உருவி உள்ளே போட்டார். தண்ணீர் வாளியைத் தூக்கித் தெருவில் வைத்தார். ஒரு முக்காலியைப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டும்வரை ஒரு காக்காயைக்கூட அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. அவள் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதை ஒரு வருஷம் சொல்லியிருப்பார்.

மறுநாள் கடையில் நாற்காலியைப் பூட்டினார்கள். லாரி டிரைவர், விஷயம் கேள்விப்பட்டு, வாசலில் வந்து நின்றார். "நானே முதல்ல உக்காந்து பார்க்கிறேன், உடைச்சவன் நான்தானே" என்றார். மச்சானும் வந்திருந்தார், வேடிக்கை பார்க்க. சலூன்காரர், "வேணாம், நான் உக்கார்றேன்" என்றார்.

"யாரும் உக்கார வேணாம்" என்றாள் பட்டறைக்காரி. "வேலை செஞ்சது நான். உடைஞ்சா என் தலையோட போகட்டும்."

அவள் நேராகப் போய் ஏறி உட்கார்ந்தாள். அந்தக் கடைக்குள் அவள் வந்ததே அபூர்வம், அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "மிதிங்க" என்றாள்.

சலூன்காரர் மிதியில் கால் வைத்தார். ஒரு மிதி, நாற்காலி உயர்ந்தது. அவர் காது முழுக்க அந்தக் கழுத்தில்தான் இருந்தது. ஆள் மேலே போகப் போக, விழுந்தால் விழுகிற தூரமும் கூடிக்கொண்டே போகிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தினம் ஊரார் தலைகளை இப்படித் தூக்கியவர்தான், தன் மனைவியைத் தூக்கும்போது நிறுத்தி நிறுத்தி மிதித்தார். கடைசி உயரம் வந்தது. அவள் தலை அவர் நெஞ்சுக்கு நேராக நிற்க, முதுகு நிமிர்ந்தே இருந்தது. அப்போதும் அவள் இறங்கவில்லை. டிரைவர் சாய்ந்த மாதிரியே, முழுப் பாரத்தையும் போட்டுப் பின்னால் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். உட்கார்ந்தபடியே இரண்டு குலுக்குக் குலுக்கினாள்.

மச்சானின் சிரிப்பைக் காணோம்.

அப்போதுதான் அவளுக்கு ஏதோ தோன்றி, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"கீழ என்ன பண்றீங்க?"

அவர் முதுகுவலியையும் பாராமல் மண்டிபோட்டு, நாற்காலிக் கழுத்துக்கு அடியில் இரண்டு உள்ளங்கையையும் ஏந்திக்கொண்டிருந்தார். அந்தக் கனம் விழுந்தால் அந்தக் கைகள் என்ன ஆகும் என்று அவர் யோசித்திருக்கவில்லை.

"கையை எடுங்க" என்றாள்.

"இருக்கட்டும்மா. ஒருவேளை…"

"நீங்க பிடிச்சுக்கிட்டிருந்தா, அது நிக்குதா இல்ல நீங்க நிறுத்துறீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? எடுங்க."

அவர் மேலே பார்த்தார். வளையத்தைப் பார்த்தார், நீலம் இன்னும் மங்கவில்லை. அவருக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டதெல்லாம் அவளைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொன்றையும் எடுத்துவிட்டார்.